நிலையாமையும் உயிரணுவின் எல்லையும்

நாலடியார் இளமை நிலையாமையையும் யாக்கை நிலையாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்துள்ளது. இன்றைய உயிரியலோ முதுமையையும் இறப்பையும் புற்றுநோயோடு சேர்த்து ஒரே இடத்தில் ஆராய்கிறது. நிறப்புரிகளின் முனைகளைக் காக்கும் டெலோமியரே அவ்விடம். உயிரணு பிரியுந்தோறும் அம்முனை தேய்கிறது. மனித உயிரணு ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடும் என 1961-இல் ஹேஃப்லிக், மூர்ஹெட் ஆகியோர் காட்டினர். தேய்மானத்தை ஈடுசெய்யும் டெலோமெரேஸ் நொதியை 1984-இல் கிரைடரும் பிளாக்பர்னும் கண்டனர். அவ்விருவரும் சோஸ்டாக்கும் டெலோமியர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றது 2009-இல். அதே ஆண்டில் வேதியியலுக்கான பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், முதுமையும் இறப்பும் குறித்த ஆய்வுகளை 2024-இல் தனி நூலாகவே விரித்துரைத்துள்ளார்.

நொதியை எங்கும் இயக்கிவிட்டால் முதுமை நீங்காதோ எனின், புற்றணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு அந்நொதியால்தான் எல்லையின்றிப் பெருகுகின்றன. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1951-இல் புற்றுநோயால் இறந்தார்; அவரது புற்றணுக்கள் இன்றும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன.

இதனைக் கொண்டு, சாக மறுக்கும் அணு நோயெனின் நெடிது வாழ விழையும் மனிதனும் நோயே என முடிப்பார் உளர். மேடைக்கு ஏற்ற ஒப்புமைதான், ஆயினும் பொருந்தாது. அணு உடலின் பொருட்டு உள்ளது. மனிதன் சமுதாயத்தின் பொருட்டு மட்டும் உள்ளவன் அல்லன். அவனுக்குத் துன்பமும் விருப்பமும் உண்டு. மேலும், புற்றணுவின் குற்றம் நெடுவாழ்வன்று, பிறவற்றின் இடத்தைக் கவரும் கட்டற்ற பெருக்கமே. பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தில் (சாலைவழிச் செல்வோர் பொதுவாகப் பொள்ளாச்சிப் பக்கமாகச் செல்வர்) கன்னிமாரா என்னும் தேக்கு நிற்கிறது. அகவை 450-க்கு மேல் என மதிப்பிடுவர். தாவரங்களின் வளர்திசுக்களில் டெலோமெரேஸ் இயங்குகிறது. எனினும் அம்மரம் காட்டை விழுங்கிவிடவில்லை.

எனவே நெடுவாழ்வு நன்றா தீதா என்பதினும், அது எவரிடமிருந்து எவருக்கு, எவ்வாறு செல்கிறது என்பதே அறவியல் வினாவாகும். புறநானூற்றின் 91-ஆம் பாடல் இவ்வினாவுக்கு இடந்தருகிறது. அதியமான் நெல்லிக்கனியின் பயனைக் கூறாமலே அதனை ஔவைக்கு ஈந்தான். ஔவை பின்னர் அறிந்து வியந்தார். லாக்ஸின் அணுக்களோ அவரது இசைவின்றி எடுக்கப்பட்டவை. அவற்றால் மருத்துவம் பெரிதும் வளர்ந்தது, நிறுவனங்கள் பொருளீட்டின. குடும்பத்தார் செய்தியை அறிந்ததே இருபதாண்டுகளுக்குப் பின்னர்தான். அந்நிறுவனங்களுள் ஒன்று அவர்களோடு உடன்பாடு கண்டது 2023-இல்.