நிறம் கொடுத்தவன் அல்லாஹ். குறை சொல்வது நாம்

புகழ் அனைத்தும் நம்மை அழகிய தோற்றத்தில் படைத்த அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

மருங்காபுரி, துவரங்குறிச்சி, மணப்பாறை என்று நம் சுற்று வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு வரன் பேசத் தொடங்கினால், தீனைப் பற்றிய விசாரணைக்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: “பொண்ணு கலரா?”

சூரத்துர் ரூமின் 22ஆம் வசனத்தில், நம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்று என்கிறான் அல்லாஹ். அவன் அத்தாட்சி என்று சொன்னதை நாம் குறை என்கிறோம்.

அண்மையில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: “மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு கலர் கம்மின்னு சொல்லிட்டாங்க ஹஜ்ரத். திருச்சியில லைட் வச்சு ஆறு சிட்டிங் பண்ணா வெளுத்துரும்ங்கறாங்க. நகையை அடகு வச்சுப் பண்ணலாமா?”

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தோலுக்கு வைத்தியம் செய்யலாமா என்பது ஒன்று. நிறத்தை மாற்றலாமா என்பது மற்றொன்று.

*வைத்தியம் ஆகும்*

நோய்க்கு மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு வைத்தார்கள். அது துர்வாடை வீசியபோது தங்கத்தால் வைத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். அபூதாவூத், திர்மிதியில் இது பதிவாகியுள்ளது. அதே நேரம், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களை நபியவர்கள் கண்டித்ததை புகாரியில் காண்கிறோம். ஏற்பட்ட குறையை நீக்குவது வேறு. குறையே இல்லாத படைப்பை அழகுக்காக மாற்றுவது வேறு. இதுவே உலமாக்கள் தரும் அளவுகோல்.

ஆகவே பிரசவத்துக்குப் பின் கன்னத்தில் படரும் மங்கு, தீக்காயத் தழும்பு, வெண்புள்ளி இவற்றுக்கெல்லாம் தாராளமாக வைத்தியம் பாருங்கள். ஒளியால் தோலைக் குணப்படுத்துவது நம் முன்னோர் அறியாததும் அல்ல. அந்தலூஸின் மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் (ரஹ்), ஒரு செடியின் விதையை உண்டு வெயிலில் அமர்ந்து வெண்புள்ளியைக் குணப்படுத்தும் முறையை எழுதி வைத்தார். அந்தச் செடியில் உள்ள மருந்துப் பொருளைக் கொண்டு எகிப்து மருத்துவர் அப்துல் முன்இம் அல்முஃப்தி 1940களில் கெய்ரோவில் சிகிச்சை செய்து, முடிவுகளை 1948இல் வெளியிட்டார். இன்று வெண்புள்ளிக்கு 311 நானோமீட்டர் அளவுள்ள புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள்.

*மெஷினுக்கு நம் தோல் தெரியாது*

ஆனால் ‘ஐபிஎல்’, ‘போட்டோ ஃபேஷியல்’ என்று விளம்பரம் செய்யப்படுவது என்ன? தோலுக்கு நிறம் தரும் மெலனின், பாய்ச்சப்படும் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் கறை உடைகிறது. வெள்ளைக்காரர் தோலில் கறை மட்டும் கருப்பாக இருப்பதால் ஒளி அதைத் தேடிப் பிடிக்கும். மாநிறமும் கருப்புமான நம் தோலில் மெலனின் எங்கும் நிறைந்திருக்கிறது. அளவு தவறினால் முகம் முழுவதும் சூடேறும், கொப்புளம் வரும், ஆறிய பின் முன்பை விடக் கருப்பான தழும்பு நிற்கும். மங்கு லேசாக மறைந்தாலும் வெயில் பட்டால் திரும்ப வரும்.

எனவே கறைக்கு வைத்தியம் தேவைப்பட்டால் முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். திருச்சி அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். வெயில் படாமல் காப்பதிலும் களிம்பிலும் தொடங்குவார்கள். லேசர் அவசியமா, எந்த லேசர் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அது அழகு நிலையத்தின் வேலை அல்ல. இன்னொன்று: எந்த மெஷினும் பிறவி நிறத்தை நிரந்தரமாக மாற்றாது.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “உங்க பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லை பாய். இல்லாத நோய்க்கு வட்டிக்கு நகையை வைக்காதீங்க. வேற வரன் பாருங்க.”

*குணமானவன் மறந்தது*

பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த மூவரின் வரலாறு புகாரி, முஸ்லிமில் வருகிறது. ஒருவர் தோல் நோயாளி. உமக்கு எது விருப்பம் என்று வானவர் கேட்டபோது, நல்ல நிறமும் நல்ல தோலும் வேண்டும் என்றார். மக்கள் தன்னை அருவருக்கிறார்கள் என்றும் முறையிட்டார். கவனியுங்கள்! அவருக்கு வேதனை இரண்டு: தோலில் ஒன்று, மக்களின் பார்வையில் ஒன்று. அவர் நல்ல தோலை ஆசைப்பட்டதை அந்த வரலாறு குறை சொல்லவில்லை. நலமும் செல்வமும் பெற்ற பின், அதே நோயாளியின் தோற்றத்தில் வானவர் வந்து உதவி கேட்டார். தன் பழைய நிலையையே மறுத்து அவரைத் துரத்தினார். அங்கேதான் அல்லாஹ்வின் கோபத்துக்கு ஆளானார்.

உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களுக்கும் வெண்புள்ளி இருந்தது. ஒரு திர்ஹம் அளவு இடம் தவிர மற்றதை அல்லாஹ் குணப்படுத்தினான். அந்த அடையாளத்தோடுதான் உமர் (ரலி) அவர்கள் அவரைத் தேடிக் கண்டு, தமக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி கேட்டார்கள். நம் வீட்டுக்கு உவைஸ் (ரஹ்) வரனாக வந்திருந்தால் என்ன பதில் சொல்லி அனுப்பியிருப்போம்?

மாப்பிள்ளையைப் பெற்ற தாய்மார்களே! உங்கள் மகனும் நம் செம்மண் காட்டு வெயிலில் வளர்ந்தவன்தான். வளைகுடா வெயிலில் கருத்துத் திரும்பும் அவனை யாரும் நிறம் கேட்டு நிறுத்தவில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கூடப் பேசுவதில்லை என்று இந்த ஜும்ஆவில் நிய்யத் வையுங்கள். நீங்கள் வாசலில் விட்டு வரும் அந்த ஒரு சொல்தான் ஒரு பிள்ளையை மெஷினுக்கு அடியில் படுக்க வைக்கிறது. வாலிபர்களே! வீட்டில் பெரியவர்கள் அப்படிப் பேசினால், “எனக்கு அது வேண்டாம்மா” என்று நீங்களே சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் பெண் மக்களுக்கு ஸாலிஹான துணைகளை வழங்குவாயாக! உன் படைப்பைப் பழிக்கும் நாவிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.