பழைய சேலையில் பிறந்த பிள்ளை

சாணார்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து நின்றுவிடும். திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்கள், தூங்குகிற பிள்ளையை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ விட்டுவிட்டு ஏறிக்கொள்கிறார்கள். கண் விழித்த பிள்ளை அம்மாவைத் தேடும். கிடைக்காதபோது அம்மாவின் சேலையைத் தேடும். அந்தச் சேலைத் துணியைச் சுருட்டி, மேலே ஒரு முடிச்சுப் போட்டு, “இந்தா பாரு, பாப்பா வந்துருச்சு” என்று மடியில் வைத்தால் அழுகை கொஞ்சம் அடங்கும். பல வீடுகளில் துணிப் பொம்மை வந்து சேர்வது இப்படித்தான்.

வந்தது பிறகு போவதில்லை. அதற்கு ஒரு பெயர் அமையும். சோறு ஊட்டும்போது அதற்கும் ஒரு வாய் வைக்க வேண்டும். “அம்மாச்சி, பாப்பாவுக்குக் காய்ச்சலாம்” என்று பிள்ளை சொன்னால், கிழவி கைவேலையை விட்டுவிட்டுப் பொம்மையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டும். இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. இரண்டு வயதுப் பிள்ளையை வீட்டில் எல்லாரும் தூக்குகிறார்கள், ஊட்டுகிறார்கள், அதட்டுகிறார்கள். அதைவிடச் சின்னதாக ஓர் ஆள் வீட்டில் இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் தூக்கவும் ஊட்டவும் அதட்டவும் வாய்க்கும். பெரியவளாக இருப்பது எப்படி என்று அது முதலில் பழகிப் பார்ப்பது இந்தப் பொம்மையிடம்தான்.

உயிரில்லாததை, பேசாததைக் குடும்பத்தில் ஒருவராக எண்ணுவது தமிழர்க்குப் புதிதல்ல. நற்றிணையின் 172ஆம் பாட்டில் தோழி ஒருத்தி தலைவனிடம் ஒரு சேதி சொல்கிறாள். சிறுமிகள் மணலில் விளையாடும்போது அழுத்தி வைத்து மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதற்கு நெய் கலந்த பாலை ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்கள் தங்கை, உங்களைவிடச் சிறந்தவள் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அந்த மர நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஐங்குறுநூற்றில் வேறொரு தலைவி, கோரையில் செய்த பாவையைத் தான் ஈன்ற பிள்ளை என்று சொல்கிறாள். குளத்தங்கரைக் கோரையைப் பிடுங்கி மடக்கிக் கட்டி விளையாடிய சிறுமிகள் சங்கப் பாடல்கள் பலவற்றில் வருகிறார்கள். மரப்பாச்சி வருவதற்கும் கொலுப்படி வருவதற்கும் வெகு காலம் முன்பே கையால் கட்டிய பாவை இங்கே இருந்திருக்கிறது.

இனி, தைக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட நூல் சேலைதான் பொம்மைக்கு ஏற்றது. சின்னாளபட்டிச் சுங்குடி என்றால் புள்ளிச் சட்டை போட்ட பிள்ளையே கிடைத்துவிடும். துணியை இரண்டாக மடித்துச் சாக்பீஸால் உருவம் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கித் தைக்க வேண்டும். இடுப்போரம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு, அந்த வழியாக உள்பக்கத்தை வெளியே புரட்ட வேண்டும். கைகால் நுனிகள் எளிதில் வராது. கரண்டிக் காம்பை விட்டுத் தள்ளினால் வரும். அடைப்பதற்கு இலவம்பஞ்சு இருந்தால் நல்லது. கொட்டையைத் தட்டி எடுத்துவிட்ட பஞ்சு கைபட்டாலே பறந்து மூக்கில் ஏறும், ஆனால் அவ்வளவு லேசாக இருக்கும். பஞ்சு இல்லையென்றால் தையல்கடை வெட்டுத்துணியே போதும். பக்கத்து நத்தத்தில் சட்டை தைக்கிற கூடங்கள் நிறைய. துணுக்குத் துணிக்குப் பஞ்சமில்லை. முதல் தடவை தைப்பவர்கள் கழுத்துப் பக்கம் பஞ்சைக் குறைவாக வைத்துவிடுவார்கள். தலை தொங்கிப்போகும். அதைப் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. தலை தொங்குகிற பொம்மைதான் பிள்ளையின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கும்.

கண்ணுக்குப் பட்டன் வைக்க மட்டும் வேண்டாம். கறுப்பு நூலால் தைத்துவிடுவதே பத்திரம். பிய்ந்து வந்த பட்டன் சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கடைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்திய அரசு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியதற்கு இப்படிப்பட்ட ஆபத்துகளும் காரணம். வீட்டில் தைப்பதற்கு முத்திரை கிடையாது. தைக்கிறவரின் கவனம்தான் காப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பஞ்சுப் பொம்மையும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

பொம்மையும் பிள்ளையும் ஒட்டிக்கொள்வதை அக்கறையோடு கவனித்து எழுதியவர் லண்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட். 1951இல் அவர் ஒரு கூட்டத்தில் வாசித்து, 1953இல் அச்சில் வந்த கட்டுரையில், அம்மாவைவிட்டு மெல்ல விலகிப் பழகும் குழந்தைக்குப் போர்வை நுனியோ துணிப் பொம்மையோ இடைவழித் துணையாகிறது என்றார். அது அழுக்காகி நாற்றமடித்தாலும் நல்ல தாய் பொறுத்துக்கொள்கிறாள். துவைத்தால் பிள்ளைக்கு அதனோடுள்ள தொடர்ச்சி அறுந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும் என்றும் எழுதினார். இலவம்பஞ்சுப் பொம்மையை வளர்த்தவர்களுக்கு இது வேறு காரணத்தால் தெரியும். நனைந்தால் அந்தப் பஞ்சு கட்டி தட்டிவிடும். ஆகவே தலையணையைப் போல அதையும் வெயிலில்தான் போடுவார்கள். நிஜமாகவே துவைத்தாக வேண்டுமானால் ஓரத்தைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, துணியை அலசிக் காயவைத்து மறுபடி அடைக்க வேண்டும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது நல்லது.

அம்மாவோடு ஒட்டிப் படுத்து வளரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பொருள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பதும் பிறகு தெரியவந்தது. 1970இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், கிராமத்துக் குழந்தைகளில் மிகச் சிலரிடமே அப்படிப்பட்ட துணை இருந்தது; ரோம் நகரத்துக் குழந்தைகளிடம் அதைவிடப் பல மடங்கு அதிகம். நம் ஊர்ப் பிள்ளைகளும் அம்மாவின் சேலைத் தூளியில் ஆடி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப் பழகியவர்கள்தான். ஷிஃப்ட் வேலை வந்த பிறகு அந்த முந்தானை பல இரவுகளில் பக்கத்தில் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் அம்மாவின் சேலையிலேயே தைத்த ஒரு பொம்மை இருப்பது எவ்வளவோ மேல். அதில் பிள்ளைக்குத் தெரிந்த வாசம் இருக்கிறது.

அதே மாதிரி இன்னொன்று வாங்கித் தந்தால் போதாதா? போதாது. ஆய்வாளர்கள் புரூஸ் ஹூடும் பால் புளூமும் 2008இல் வெளியிட்ட சோதனையில், எந்தப் பொருளையும் அப்படியே நகலெடுக்கும் இயந்திரம் என்று சொல்லி ஒரு பெட்டியை மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். சாதாரணப் பொம்மை என்றால் பிள்ளைகளில் பலர் நகலை எடுத்துக்கொண்டார்கள். தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றபோது சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. வைக்கவிட்டவர்களில் பெரும்பாலோர் பழையதைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

ஆலையில் செய்த கரடிப் பொம்மையும் இப்படி உறவாகும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் கீங்கன் ஊரில், போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த மார்கரெட்டே ஸ்டைஃப் 1880இல் ஊசி செருகி வைப்பதற்காகக் கம்பளித் துணியில் ஒரு யானை தைத்தார். பிள்ளைகள் அதை எடுத்து விளையாடத் தொடங்கியதில் பிறந்ததுதான் உலகறிந்த ஸ்டைஃப் நிறுவனம். ஆனாலும் வீட்டில் தைத்ததற்கு ஒரு கூடுதல் உண்டு. காது பிய்ந்தால் அதைத் தைத்த கையே மறுபடி ஊசியை எடுக்கும். காயம்பட்டவரைத் தூக்கி எறிவதில்லை, உட்காரவைத்துச் சரிசெய்கிறோம் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. இதை வேறு எந்தப் பொருளும் இவ்வளவு சின்ன வயதில் கற்றுக்கொடுத்துவிடாது.

துணிப் பொம்மை பெரியவர்களையும் தேற்றியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனத்தார், உமா பிரஜாபதியின் முன்முயற்சியில், வீணாகும் துணுக்குத் துணிகளைக் கொண்டு விரல் நீளமே உள்ள ‘சுனாமிகா’ பொம்மைகள் செய்ய மீனவப் பெண்களுக்குப் பழக்கினார்கள். கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள்; கூலியும் கிடைத்தது. அந்தப் பொம்மை இன்றுவரை விலைக்கு விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாக மட்டுமே தரப்படுகிறது. பெறுகிறவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். பல நாடுகளில் அது வீடு சேர்ந்திருக்கிறது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை வாசலில் எடுத்து வைக்கும்போது, கட்டிலுக்கடியிலிருந்து நிறம் வெளுத்து, ஒரு கை தொங்கிக்கொண்டு அந்தப் பொம்மை கிடைக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து அதைக் குப்பையோடு சேர்த்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். அப்படிச் செய்வது தவறு. வயது ஏற ஏறப் பிள்ளையே அதை விட்டுவிடும்; வின்னிகாட்டும் அதைத்தான் சொன்னார், துக்கமில்லாமல் அது மெல்ல ஒதுங்கிவிடும் என்று. ஒதுக்குவதைப் பிள்ளை செய்யட்டும், பெரியவர்கள் செய்ய வேண்டாம். எறிவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். “வேணும்” என்றால், அன்றைக்கே அந்தக் கையைத் தைத்துக் கொடுத்துவிடுங்கள்.