மீனும் திராட்சை மதுவும்

கடியப்பட்டணம் கடற்கரையில் மீன் ஏலம் எடுப்பவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவந்திருந்தால் புதிது, வெளிறியிருந்தால் பழையது. நொடியில் தீர்ப்பு முடிந்துவிடும். அது முறையே; மீனுக்குக் காலம் பகை.

காலத்தை நட்பாகக் கொண்ட பொருளும் உண்டு. சிறந்த சிவப்புத் திராட்சை மது இளமையில் துவர்க்கும். ஆண்டுகள் செல்லச்செல்லத் துவர்ப்பு அடங்கிச் சுவை கனியும். 1976 மே 24 அன்று பாரிசில், புட்டிகளின் பெயரை மறைத்து, பிரெஞ்சு வல்லுநர் ஒன்பதுபேர் சுவைத்து மதிப்பிட்டனர். புகழ்மிக்க பிரெஞ்சு மதுக்களை விஞ்சி, கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு மது ஒன்று முதலிடம் பெற்றது. அவை நெடுநாள் நில்லா என்றனர் சிலர். 2006இல் அதே மதுக்களை மீண்டும் சுவைத்தபோது, முன்பு ஐந்தாம் இடத்தில் நின்ற 1971ஆம் ஆண்டின் ரிட்ஜ் மது முதலிடத்துக்கு வந்தது; அதுவும் கலிபோர்னிய மதுவே.

மனிதரை நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோம்? குடும்பப் பெயரைக் கேட்டு, இளமையின் ஒரு தவற்றை நினைத்து, செவுள் பார்ப்பதுபோல் தீர்த்துவிடுகிறோம். நம் ஊர் ஆலயம் தாங்கும் பெயருக்குரிய பேதுருவும் மீனவரே. சேவல் கூவிய அந்த இரவோடு அவரைத் தீர்ப்பிட்டிருந்தால்? மும்முறை மறுதலித்தவரிடமே ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார்.

எல்லா மதுவும் கனிவதில்லை, சில புளித்துப்போகும். ஆயினும் திறந்து பாராமல் அதைச் சொல்ல இயலாது. அன்பியக் கூட்டத்திலோ திருமணப் பேச்சிலோ நாம் என்றோ ஒதுக்கிய ஒருவரை, இன்று மீண்டும் அறிந்துகொள்ள நமக்கு மனம் உண்டா?