இளவரசிக்கும் வில்லிக்கும் என்ன முறை?

காமிக்ஸ் நாயகி ஒருத்தி திரைக்குப் போனால் ரசிகர்களுக்குள் சண்டை நிச்சயம். முடி நிறம் மாறினால் சண்டை, உயரம் குறைந்தால் சண்டை. பெரும்பாலானவை எனக்குப் பொருட்டல்ல. ஒன்றை மட்டும் இன்னும் விடவில்லை: மாடஸ்டி பிளைசியும் வில்லி கார்வினும் காதலர்களா?

தென்காசிப் பக்கம் எண்பதுகளில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமல்ல. சிவகாசியிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் வரத் தொடங்கியபோது முதல் இதழே மாடஸ்டியின் கதைதான். அண்ணன்மார் வாங்கி வருவார்கள். அவர்கள் வெளியே போனதும் புத்தகம் எங்கள் கைக்கு வரும். பீட்டர் ஓடானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963இல் லண்டன் நாளிதழில் பிறந்தவள் மாடஸ்டி. அகதிச் சிறுமியாய் அலைந்து, குற்றக் கும்பலுக்குத் தலைவியாகி, பிறகு அதிலிருந்து விலகியவள். வில்லி அவளுடைய வலதுகை. ‘இளவரசி’ என்றுதான் கூப்பிடுவான். ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் தயங்காதவர்கள். அவளுக்குக் காதலர்கள் உண்டு, அவனுக்குக் காதலிகள் உண்டு. இவர்கள் இருவருக்கும் இடையில் மட்டும் அது கிடையாது. ஓடானல் இந்த ஒரு விதியைக் கடைசிவரை மீறவில்லை.

1966இல் ஜோசப் லோசி எடுத்த படம் மீறியது. மோனிகா விட்டி மாடஸ்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப் வில்லி. ஓடானல் எழுதிய திரைக்கதையை மற்றவர்கள் மாற்றி எழுதினார்கள். (அவர் சும்மா இருக்கவில்லை, தன்னுடையதைப் படத்துக்கு முந்தைய வருடமே நாவலாக்கிவிட்டார்.) படத்தில் இருவரும் காதலைப் பற்றி டூயட்டே பாடுகிறார்கள்.

இதை எதிர்த்துப் பேசினால் ஆண் நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஆணும் பொண்ணும் இருபது வருஷம் சேர்ந்து இருந்தா வேற என்ன இருக்கும்? காமிக்ஸ்தான் பொய். படம் உண்மையைச் சொல்லுது.”

இந்த வாக்கியத்தை நான் காமிக்ஸ் பற்றி அல்லாமலும் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பதினோரு வருடம் டியூஷன் சென்டர் நடத்தினோம். சீசனில் சாரல் தொடங்கியதும் பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப் போவோம். மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கொட்டுவது ஒரே தண்ணீர்தான். ஈரத் தலையோடு இருவரும் ஒரு கடையில் நின்று டீ குடித்தால் போதும், மறுநாள் தெருவில் கேள்வி தயாராக இருக்கும். “சாரும் நானும் சிநேகிதம்” என்றால் சிரிப்பார்கள். திட்டினால்கூட மறுத்துப் பேசலாம். சிரிப்பை எப்படி மறுப்பது? அவர் திடீரென்று இறந்துபோனார். துட்டி வீட்டில் வாசலில் இருந்த பெரியம்மா ஒருத்தி கேட்டாள்: “நீ என்ன முறை, தாயி?” அத்தை, மதினி, கொழுந்தியா என்று ஆயிரம் முறை வைத்திருக்கிற தமிழில் எனக்கு ஒன்றும் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

எனவே அந்த டூயட் எனக்கு வெறும் மோசமான பாட்டு அல்ல. உழைப்பும் நம்பிக்கையுமாக இருந்த ஒன்றை அது வேறொன்றின் முன்னோட்டமாக்குகிறது. பெண்ணின் எந்த உறவும் கடைசியில் படுக்கையில்தான் அர்த்தப்படும் என்கிறது.

“அப்போ மூலத்தை மாத்தவே கூடாதாக்கா?” என்று என்னிடம் படித்த பெண் ஒருத்தி மடக்கினாள். சரியான கேள்வி. மூலத்துக்கு விசுவாசம் என்பதை விதியாக்கினால் நமக்கே ஆபத்து. எதிரிகளை ஒரு கணம் திகைக்கவைக்க மாடஸ்டி மேலாடையின்றி அறைக்குள் நுழையும் உத்தியும் மூலத்தில் உள்ளதுதான். அதை எந்த இயக்குநர் வெட்டினாலும் நான் கொடி பிடிக்கப் போவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படங்களில் மணிமேகலையையே காணோம். அதற்கு நான் வருந்தியது கல்கி எழுதியதை மாற்றிவிட்டார்களே என்பதற்காக அல்ல, அந்தப் பெண்ணுக்காக. ஆக என் விசுவாசம் ஆசிரியருக்கல்ல. 1996இல் வந்த கடைசிப் புத்தகத்தில் ஓடானலே இருவரையும் சாகடித்தார். அந்தக் கதையைப் படிக்க மறுக்கிற ரசிகர்கள் உலகெங்கும் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. படைத்தவருக்கே இல்லாத அதிகாரத்தை லோசிக்கு எப்படிக் கொடுப்பது?

ஒரு பாத்திரம் திறந்துவைத்த இடத்தை ஒரு மாற்றம் அகலமாக்குகிறதா, அடைக்கிறதா? என்னிடம் இருக்கும் அளவுகோல் இதுதான். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. “அவங்க ரெண்டு பேரும் சேரணும்னு நானும் ஆசைப்பட்டேன்க்கா. எங்க வீட்டுல யாரும் யாரையும் அப்படி மதிச்சதில்ல. மதிக்கிற ஒருத்தனையே காதலிச்சா என்ன தப்பு?” அவளுடைய ஆசை தெருவில் கேட்ட சிரிப்பு அல்ல. அவளுக்கு அடைபட்டிருப்பது வேறு கதவு. வில்லியை நான் நண்பனாகவே வைத்திருக்கிறேன். அவள் தன் வில்லியை எழுதிப் பார்க்கட்டும் என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். டூயட் இல்லை.