முதியவளின் வீடும் கம்பனியின் நிலமும்

விற்காத வீட்டின் விலை ஏறினால், அதில் வாழ்பவர் செல்வராகிவிடுகிறாரா? ஓய்வூதியத்தில் சீவிக்கும் முதியவள் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டிலேயே இருக்கிறாள். அயலிலே தெருக்கள் அகலமாகின்றன, தொழிற்சாலைகள் எழுகின்றன, நிலத்தின் விலை பன்மடங்காகிறது. மதிப்பீட்டாளர் வந்து வரியை உயர்த்துகிறார். அவள் கைப்பையிலோ நேற்றிருந்த காசுதான் இன்றும் இருக்கிறது.

1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இக்கேள்வி பெரும் அரசியற் கொந்தளிப்பாக வெடித்தது. அங்கு பாடசாலைகளையும் நூலகங்களையும் தீயணைப்புப் படைகளையும் தாங்கிநின்றது, நாம் சோலைவரி என்று வழங்குவதைப் போன்ற ஆதனவரியே. வீட்டு விலையோடு வரியும் ஏறியது. மாநிலத் திறைசேரியிலோ பெருந்தொகை உபரியாய்க் கிடந்தது. மக்களின் கோபம் நியாயமானது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குத் தலைமைதாங்க முன்வந்தவர் யார்? ஹவார்ட் ஜார்விஸ், லொஸ் ஏஞ்சலஸ் அடுக்குமாடி உடைமையாளர் சங்கத்தின் சம்பளம்பெறும் அலுவலர்.

1978 யூன் 6ஆந் தேதி, 13ஆம் பிரேரணை ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வாக்குகளால் நிறைவேறியது. ஆதனவரி, சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது. மதிப்போ 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்தள்ளப்படும். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயராது. சொத்துக் கைமாறும்போது மட்டுமே சந்தை விலையில் மீண்டும் மதிப்பிடப்படும். உள்ளூராட்சிகளின் ஆதனவரி வருமானம் ஒரே ஆண்டில் பாதிக்குமேல் வீழ்ந்தது. கோடைகால வகுப்புகள் பல இடங்களில் நிறுத்தப்பட்டன. வாடகைக் குடியிருப்போருக்கும் ஆதாயம் உண்டு என்று ஜார்விஸ் வாக்களித்திருந்தார். வாடகை குறையவில்லை, ஆதலால் லொஸ் ஏஞ்சலசிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் தோன்றின.

இதன் அநீதி 1992இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1988இல் 1,70,000 டொலருக்கு லொஸ் ஏஞ்சலசில் வீடு வாங்கிய பெண்ணொருவர் ஆண்டுக்கு 1,701 டொலர் வரி செலுத்தினார். அடுத்த தெருவில், அதே அளவு வீட்டுக்கு 1975ஆம் ஆண்டு மதிப்பின்படி 358 டொலரே வரி. மாலிபுக் கடற்கரையில் 21 இலட்சம் டொலர் பெறும் மாளிகையொன்றின் பழைய உடைமையாளர் செலுத்தியதும், இப்பெண் செலுத்தியதும் ஏறத்தாழ ஒன்றே. புதிதாக வாங்குபவர் வரியை அறிந்தே வாங்குகிறார், பழையவருக்கு அந்தத் தெரிவு இல்லை என்று கூறி எட்டு நீதியரசர்கள் சட்டத்தை ஏற்றனர். ஸ்டீவன்ஸ் ஒருவரே மறுத்தார். பெரும்பான்மையின் வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் மாலிபு மாளிகைக்காரர் என்ன இடரில் இருந்தார் என்பதற்கு அதில் விடையில்லை.

நிலத்தின் விலையை ஏற்றியவர் யார் என்று கேட்டால் சிக்கல் தெளிவாகும். இதே கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்துகொண்டு ஹென்றி ஜோர்ஜ், 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை எழுதி 1879இல் வெளியிட்டார். வீட்டைக் கட்டுவது தனிமனித உழைப்பு. நிலத்துக்கு மதிப்பை ஊட்டுவது சமுதாயம். ஆகவே அம்மதிப்பு சமுதாயத்துக்கே உரியது என்பது அவர் கட்சி. நாம் அவருடன் எல்லாவற்றிலும் உடன்படுவதில்லை. மூலதனத்தை அவர் மிக எளிதில் மன்னித்துவிடுகிறார். எனினும் இவ்விடத்தில் அவரை மறுப்பது கடினம். அம்முதியவளும் தன் நிலத்தின் மதிப்பைத் தானே உண்டாக்கவில்லை. அவளுக்கு இல்லாதது கடமையன்று, ரொக்கம். வரியைப் பதிவுசெய்து வைத்து, வீடு விற்கப்படும்போதோ அவள் காலத்தின் பின்னரோ அறவிடலாம். வறிய முதியோருக்கு அத்தகைய ஒத்திவைப்புத் திட்டம் கலிபோர்னியாவிலேயே உண்டு. அவளைக் காப்பதற்கு ஒரு மாநிலத்தின் நிலம் முழுவதுக்கும் வேலி போடவேண்டிய தேவையில்லை.

வேலி யாருக்குப் பயன்பட்டது? மனிதர் இறக்கின்றனர், இடம்பெயர்கின்றனர், கம்பனிகள் இறப்பதில்லை. கம்பனியின் கட்டுப்பாடு கைமாறாதவரை அதன் நிலமும் கைமாறுவதில்லை; பழைய மதிப்பிலேயே கிடக்கிறது. 1986இல் மற்றொரு பிரேரணை, பெற்றோரின் குறைந்த வரியைப் பிள்ளைகளும் முதுசமாகப் பெற வழிசெய்தது. வாடகைக்கு விட்ட வீடுகளுக்கும் அச்சலுகை கிடைத்தது! 2020இல்தான், பிள்ளை அவ்வீட்டில் தானே குடியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

அதே 2020இல், பெரும் வணிக, கைத்தொழில் ஆதனங்களை மட்டும் சந்தை விலையில் மதிப்பிடவேண்டும் என்று 15ஆம் பிரேரணை முன்வைக்கப்பட்டது. குடியிருக்கும் வீடுகளை அது தொடவேயில்லை. எதிர்த்தவர்களோ, இன்று வணிக நிலையம், நாளை உங்கள் வீடு என்று பிரசாரம் செய்தனர். நூற்றுக்கு 52 பேர்வரை எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தனர்.