கைராசியும் பணிவும்

மருத்துவரைக் 'கைராசிக்காரர்' என்று புகழ்வது நம் ஊர்களில் வழக்கம். பிழைத்தெழுந்தவரின் உறவினர்கள், 'நீங்கள்தான் எங்கள் தெய்வம்' என்று கைகூப்புகிறார்கள். அச்சொல்லில் நன்றி இருக்கிறது. கேட்பவருக்கு ஆபத்தும் இருக்கிறது. நாள்தோறும் அதைக் கேட்கும் ஒருவர் தம் நிலையை மறவாதிருப்பது எவ்வாறு?

திருப்பதியில் பர்ட், ஸ்விம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகள் உள்ளன. மலைமேல் கல்யாணகட்டாவில், அங்குள்ள அறுவை மருத்துவரும் அவரிடம் சிகிச்சை பெற்றவரும் அருகருகே அமர்ந்து முடிகாணிக்கை செலுத்த நேரலாம். முடியிறக்கியபின் இருவரில் மருத்துவர் யாரென்று கண்டறிய இயலாது. ஆனால் முடி மீண்டும் வளரும். அதனுடன் செருக்கும் வளரக்கூடும். ஆகவே நினைவூட்டல் அன்றாடப் பணியிலேயே அமைய வேண்டும்.

அன்றைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை எழுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படும்வரை, காசநோயை வெல்லும் மருந்து எவரிடமும் இல்லை. ஓய்வும் தூய காற்றும் நல்லுணவும் பரிவும் சிகிச்சையின் முக்கியப் பகுதிகளாக இருந்தன. மருந்துகள் வந்தபின், 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒழுங்காக மருந்து பெற்றால், நெரிசலான வீடுகளில் எளிய உணவுடன் வாழ்ந்தவர்களும் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவதை அது 1959-இல் காட்டியது. நேற்றைய உறுதி இன்று திருத்தப்படுகிறது என்பதே அறிவு தரும் நினைவூட்டல்.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தியை எடுக்குமுன் அறையிலுள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரையும் அறுவை செய்யும் இடத்தையும் உறுதிசெய்ய வேண்டும். புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் இதைச் செய்துபார்த்தபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆயினும் கனடாவின் ஒன்டாரியோவில் 2014-இல் வெளியான ஆய்வில் அத்தகைய பலன் தென்படவில்லை. பட்டியலை நிரப்புவது வேறு, மனம்வைத்துச் செய்வது வேறு என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. அன்பில்லாத நினைவூட்டல் வெறும் சடங்காகிவிடும்.

அப்படியானால் அன்பு மட்டும் போதுமா? அன்பு மிகுந்தால் கை நடுங்காதா? சரக சம்ஹிதை மருத்துவரின் மனப்பாங்கை நான்காக வகுக்கிறது: எல்லோரிடமும் நட்பு, துன்புறுவோரிடம் இரக்கம், தீர்க்கக்கூடிய நோயில் ஈடுபாடு, முடிவை நெருங்கியவரிடம் சமநிலை. இறுதியானதைக் கைவிடுதல் எனக் கொள்ளலாகாது. தம்மால் இயலாததை ஏற்கும் பணிவு அது. அந்நிலையிலும் படுக்கையருகே அமர்ந்து ஒருவரின் கையைப் பற்றிக்கொள்ள முடியும்.

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். மருத்துவர் அந்நான்கில் ஒரு பங்கு. புகழுரை வரும்போது, இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரையும், வலியைப் பொறுத்துக்கொண்ட நோயாளியையும் எண்ணிப் பார்ப்பவருக்குக் கைராசி தம் ஒருவர் கையில் மட்டும் இல்லை என்பது விளங்கும். அவ்வாறு உணர்ந்தவரிடம் நோயாளி அச்சமின்றித் தம் குறையைச் சொல்வார். சிகிச்சை தொடங்குவதும் அங்கேதான்.