குதிரைவண்டி எட்டும் தொலைவு

விசுவாசி இவ்வுலகில் அந்நியனும் பரதேசியுமாகவே வாழ்கிறான் என்னும் புதிய ஏற்பாட்டுப் போதனையை வாழ்க்கைமுறையாகவே ஏற்றுக்கொண்டவர்கள் அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்கள். புனித பூமி என்று போற்ற ஓர் இடமோ, பெரும்பாலும் ஓர் ஆலயக் கட்டடமோகூட இல்லாமல், ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் கூடி வழிபடும் இவர்கள், குடும்பத்தோடு உழுது வாழ மண்ணைத் தேர்வதில் காட்டும் கவனம் முதற்பார்வைக்கு முரணாகவே தோன்றும்.

அந்த முரண் அவிழ வரலாற்றைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு அளிக்கும் ஞானஸ்நானம் செல்லாது, அறிவறிந்த வயதில் விரும்பிப் பெறுவதே செல்லும் என்று 1525இல் சூரிச் நகரில் கிளம்பிய அனபாப்டிஸ்ட் இயக்கத்திலிருந்து, 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்களே ஆமிஷ். துரத்தப்பட்டு அல்சாஸ், பலாட்டினேட் பகுதிகளில் பிறர் நிலத்தில் குத்தகைக்கு உழுத இவர்கள், கிடைத்த இடத்தில் சிதறி வாழ நேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியவர்களுக்கோ அருகருகே நிலம் வாங்க முடிந்தது. ஐரோப்பாவில் எஞ்சிய கடைசி ஆமிஷ் சபை 1937இல் ஜெர்மனியின் இக்ஸ்ஹைமில், அதே அனபாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்த மெனோனைட் சபையோடு கலந்துவிட, அமெரிக்காவில் இவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் பெருகியுள்ளனர். ஒரே நம்பிக்கை ஓரிடத்தில் கரைந்து மற்றோரிடத்தில் தழைத்ததற்கு வீடுகளுக்கு இடையிலான தொலைவும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

ஆமிஷ் திருச்சபை வட்டம் என்பது ஏறத்தாழ 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தது. அதன் எல்லையைக் குதிரைவண்டி ஓடும் தொலைவே பெரிதும் வரையறுக்கிறது. உடை, கருவி, மின்சாரம் முதலியவற்றில் எது தகும், எது தகாது என்று சபையார் கூடி ஒப்புக்கொள்ளும், பெரும்பாலும் எழுதப்படாத ஒழுங்குமுறையான 'ஓர்ட்நுங்' வட்டத்துக்கு வட்டம் வேறுபடுவதால், ஒரு பண்ணையை வாங்குபவர் ஓர் ஒழுங்குக்கும் சேர்த்தே உடன்படுகிறார். மண்ணும் நீரும் பார்க்கப்படாமல் இல்லை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் நிலம் வளமானது. ஆனால் அதன் விலை ஏறியதால் பிள்ளைகள் பலர் தச்சுப் பட்டறைக்குப் போக, சில குடும்பங்கள் உழவை விடாமலிருக்க ஊரை விட்டு, கென்டக்கிக்கும் நியூயார்க் மாநிலத்துக்கும் பெயர்ந்தன. பூர்வீக மண்ணைப் பற்றிக்கொள்வதா, உழவைப் பற்றிக்கொள்வதா என்னும் கேள்விக்கு ஆமிஷ் மக்களிடையே ஒரே விடை இல்லை. பிள்ளைகளை இந்த வாழ்க்கைமுறையில் வளர்க்கப் பள்ளிச் சட்டமும் ஒருகாலத்தில் தடையாக நின்றது. எட்டாம் வகுப்புக்கு மேல் ஆமிஷ் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1972இல் விஸ்கான்சின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அது தளர்ந்தது.

இவற்றினும் நுட்பமானது தெரிவு பற்றிய சிக்கல். சுயவிருப்பமின்றி ஞானஸ்நானமே இல்லை என்னும் இம்மரபு, அந்த ஒரு தெரிவுக்குப் பிறகு 'கெலாசென்ஹைட்', அதாவது தன் விருப்பத்தைக் கடவுளுக்கும் சபைக்கும் விட்டுக்கொடுத்தல், என்னும் பண்பைக் கேட்கிறது. 1932இல் நகரத்தை விட்டு வெர்மான்ட் மலைப் பண்ணைக்குக் குடியேறிய ஆமிஷ் அல்லாத ஸ்காட், ஹெலன் நியரிங் இணையர், அருகே பனிச்சறுக்கு விடுதிகள் வந்ததும் 1952இல் மேய்ன் மாநிலத்துக்குப் பெயர்ந்தபோது, அது இருவரின் முடிவாகவே இருந்தது. ஆமிஷ் குடும்பத்துக்கு அந்தத் தனிமையும் இல்லை, அந்தச் சுதந்திரமும் இல்லை; புதிய குடியேற்றம் வழக்கமாகப் பல குடும்பங்கள் சேர்ந்து தொடங்குவது. அப்படித் தொடங்கியும் நிலைக்காதவை ஏராளம்: ஆமிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் லூதி, 1840 முதல் 1960 வரை அமெரிக்காவில் மறைந்துபோன குடியேற்றங்களுக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அத்தகைய முயற்சிகளை வறட்சி மட்டும் கலைத்ததில்லை. குடும்பங்கள் போதாமையும் போதகர் இல்லாமையும் சபைப் பூசலும்கூடக் கலைத்திருக்கின்றன.